வினா எண் 16 (ஆ)

பாளையங்கோட்டை. விடைத்தாள் திருத்தும் முகாம், மூன்றாம் நாள்.
பத்து மணிக்கு வருகைப் பதிவேட்டை மூடிவிடுவார்கள்.
பத்து அஞ்சுக்கு வந்தவன் பேருக்கு நேரே
ஒரு சிவப்பு வட்டம். அரைநாள் படி போச்சு.
இன்றைக்கு என் பேருக்கு நேரே.
வண்ணாரப்பேட்டை ரவுண்டானாவில் பஸ் நின்ற கதையைக்
கேட்க அங்கே யாருக்கும் காது இல்லை.

கட்டுக்கு இருபது தாள். ஒரே கேள்வி:
சீனப் பேரரசுக் காலக் கிளர்ச்சிகளின் காரணங்களை ஆராய்க.
வரி, பஞ்சம், வெள்ளம், ஊழல் என்கிறது விடைக்குறிப்பு.
தலைப்புக்கு இரண்டு, விளக்கினால் அரை கூட.
பதினேழு தாளிலும் அந்த நாலு வார்த்தை
ரேஷன் கடை வாசலில் வைத்த செங்கல் மாதிரி
முறை தப்பாமல் உட்கார்ந்திருந்தன.

பதினெட்டாவது தாளின் ஓரம் நனைந்து காய்ந்திருந்தது.
பேர் கிடையாது, ஊர் கிடையாது, ஒரு டம்மி நம்பர்.

"தொள்ளாயிரம் பேர். எல்லைக் காவலுக்குப் பிடித்துப் போனார்கள்.
வழியில் மழை. பாதை முழுகிவிட்டது.
குறித்த நாளில் போய்ச் சேராவிட்டால் தலை போகும்.
கலகம் செய்தாலும் அதே தலைதான் போகும்.
சென் ஷெங் கணக்குப் போட்டுப் பார்த்தான்.
நானும் இந்தப் பரீட்சைக்கு மழையில்தான் வந்தேன்.
குறுக்குத்துறை முருகனுக்கு மேலே ஆறு போகுது.
சேரன்மகாதேவி பஸ் வரல. கொண்டாநகரத்திலிருந்து நடை.
அரைமணி லேட். சட்டப்படி முடியாதுன்னாக வாசலில் நின்றவர்கள்.
அப்புறம் ஒரு மேடம் உள்ளே விட்டார்கள்.
விடாதிருந்தால் என்ன செய்திருப்பேன் என்பது
வினாவுக்குத் தேவை இல்லை.

தேர்வில் தோற்ற ஹுவாங் சாவ் உப்புக் கடத்தினான்,
ஒருநாள் தலைநகருக்குள் நுழைந்தான்.
நாலு தடவை தோற்ற இன்னொருத்தன்
பதினாலு வருசம் பாதி நாட்டை உலுக்கினான்.
ஆகவே திருத்துகிறவர்கள் பார்த்துப் போடவும்."

சத்தமாய்ச் சிரித்துவிட்டேன்.
எதிர் மேசை ஜெபராணி மேடம் நிமிர்ந்து பார்த்தார்.

"ஒரு கூட்டம் சண்டைக்குப் போகும்போது
நம்ம ஆள் யார் என்று தெரிய
புருவத்தில் சிவப்புப் பூசிக்கொண்டது.

முடிவுரை: சென் ஷெங் ஆறு மாசம் ராஜா.
அவனோடு ஒரே வயலில் கூலிக்கு உழுதவன் பார்க்க வந்தான்,
அரண்மனையில் உட்கார்ந்து பழைய கதை பேசினான்.
பேசின வாயோடு தலையை வெட்டச் சொன்னான் ராஜா.
பிறகு அவனை அவன் தேரோட்டியே கொன்றான்.
இது காரணமா விளைவா என்று தெரியவில்லை.
இடம் போதவில்லை."

கீழே நாலு வரி வெறுமையாய்க் கிடந்தது.

வெள்ளத்துக்கு இரண்டு போட்டேன்.
வெட்டுண்ட அந்தச் சிநேகிதனுக்கு
விடைக்குறிப்பில் தலைப்பு இல்லை.
நெற்றியில் கை வைத்து ரொம்ப நேரம் இருந்தேன்.
கௌரவ விரிவுரையாளர் நான்; பதினொரு வருசக் கௌரவம்.
போன பருவத்துப் படியே இன்னும் வந்தபாடில்லை.
பத்துக்கு ஒன்பது என்று எழுதி,
ஒன்பதை ஒருதரம் தடவிப் பார்த்துவிட்டு மூடினேன்.

டீ வந்தது.
"என்ன சார், புருவத்துல சிகப்பு?"
ஜெபராணி மேடம் கைக்குட்டையை நீட்டினார்.
அதன் மூலையிலும் சிவப்பு.

கோல்டன்ராஜ் சுற்றுக்கு விட்ட தாள்
நேற்று இரண்டு தடவை என்னைத் தாண்டிப் போயிருந்தது:
படி வராமல் நாளை பேனா எடுக்க மாட்டோம்.
இப்போது சமோசாத் தட்டுக்கு அடியில் எண்ணெய் குடித்துக் கிடந்தது.

"சிவப்பு மையில கையெழுத்துப் போட்டா செல்லுமா?"
என்று கேட்டேன்.

அறையில் முப்பத்தெட்டுப் பேர்.
ஒருவரிடமும் வேறு பேனா இல்லை.